தன்னார்வலர் மூன்றின் இடது கை

என் அம்மாவின் இடது கை ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. அங்கே அவளுக்குப் பெயர் ‘தன்னார்வலர் மூன்று’. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் இரண்டு படங்கள், பக்கத்தில் பக்கத்தில். இடப்பக்கப் படத்தில் தோலுக்கு அடியில் தடித்த ஓர் இரத்தக்குழாய் ஓடுகிறது. வலப்பக்கத்தில் அது இல்லை. இல்லாததுதான் சரியான படம் என்று கீழே எழுதியிருக்கிறோம். அந்த இல்லாத குழாயை இருக்கிறது என்று நம்பி, அம்மாவிடம் சொல்லி, ஆபரேஷனுக்கு அவளைச் சம்மதிக்க வைத்தவள் நான். இதையெல்லாம் கட்டுரையில் எழுத முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருமழிசை தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்கு வேலை. ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் லேபைப் பாதியாகத் தடுத்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த அறை அது. அங்கே மனிதர்களின் கையில் கண் சிமிட்டுவதைவிடக் குறைந்த நேரம் லேசர் வெளிச்சத்தை அடிப்போம். இரத்தம் அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு துளியூண்டு சூடாகும், துளியூண்டு விரியும், விரிகிறபோது ஒரு சத்தம் போடும். நம் காதுக்குக் கேட்காத சத்தம். தோல்மேல் வைத்த கருவி அதைக் கேட்டுக்கொள்ளும். சத்தம் சீக்கிரம் வந்தால் இரத்தம் மேலாக இருக்கிறது, தாமதமாக வந்தால் ஆழத்தில் இருக்கிறது. இப்படிக் கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு உள்ளே இருப்பதைப் படமாக வரைய வேண்டும். அந்தக் கணக்குதான் என் பிழைப்பு.

சொல்ல எளிதாக இருக்கிறது. கருவி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்கிறது, அதுவும் அரைகுறையாக. வருகிற படத்தில் குழாய் துண்டு துண்டாக, கோடும் கீறலுமாகக் கிடக்கும். துண்டுகளைச் சேர்க்க வேண்டும், கீறலை நீக்க வேண்டும். எது துண்டு, எது கீறல் என்று யார் சொல்வது? நான்தான். பத்து வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. “வெளிச்சம் அடிச்சா ரத்தம் கத்துதாம். அத்த குந்திகினு கேக்கறதுக்கு இவளுக்கு சம்பளமாம்,” என்று தெருவில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் யாராவது, உன் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டால் போதும், “ஆஸ்பத்திரி மிசினு செய்றா” என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வாள். நான் மிஷின் செய்வதில்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். கேட்டால்தானே.

எங்கள் வீடு மேனாம்பேட்டில். எங்கள் ஆட்கள் இந்தப் பக்கத்து வயலிலெல்லாம் கூலிக்கு நடவு நட்டவர்கள். அம்மா தலையெடுத்தபோது வயல் போய்த் தொழிற்சாலை எஸ்டேட் வந்துவிட்டது. அவள் ஒரு போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். அப்பா குடித்தே சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றி அவ்வளவுதான்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஏழு வயசில் காய்ச்சல் வந்து நாலாம் நாள் இறந்துபோனான். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆடிக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருவேற்காட்டுக்குப் போனாள். கோயிலுக்கு வெளியே பச்சை குத்துகிறவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அம்மா நேராகப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “தம்பி பேர எயுதிக் குடுடி. தெளிவா எயுது,” என்றாள். நான் பூ கட்டி வந்த காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மடியில் வைத்து எழுதியதால் கடைசி எழுத்து கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. பச்சை குத்துகிறவள் அப்படியே பார்த்துக் குத்திவிட்டாள், ஏறினது ஏறினபடி.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

தம்பிக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த மற்ற காகிதங்களோடு அதுவும் கூழாகிவிட்டது. அதற்குப் பிறகு அப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு அம்மாவின் கையைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. அவள் சத்தியம் செய்தால் கற்பூரம், சாமி படமெல்லாம் கிடையாது. வலது உள்ளங்கையைக் கொண்டுவந்து அந்தப் பெயர்மேல் வைப்பாள். அப்படி வைத்துச் சொன்னது ஒன்றும் பொய்யானதில்லை.

சர்க்கரை பல வருஷம் உள்ளே இருந்து அம்மாவின் கிட்னியை முடித்துவிட்டது. டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்றார்கள். முதலில் கழுத்தில் ஒரு குழாயைப் போட்டுச் செய்தார்கள். அதில் கிருமி போய் ஒரு வாரம் குளிர்க்காய்ச்சலில் தூக்கிப் போட்டது. கழுத்துக் குழாய் ரொம்ப நாளைக்குத் தாங்காது, கையில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். மணிக்கட்டில் இரண்டு இரத்தக்குழாய்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைப்பார்கள். சில வாரத்தில் முன்கைக் குழாய் புடைத்துப் பெரிதாகும். பிறகு வாரத்துக்கு மூன்று முறை அதில்தான் ஊசி போட வேண்டும்.

வலது கையில் முடியாது. கம்பெனியில் மிஷின் இடித்து அந்த மணிக்கட்டு எப்போதோ நசுங்கிப்போனது. இடது கைதான். டாக்டர் பேனாவை எடுத்து, “மணிக்கட்டுல குழாய் நல்லா இருந்தா இங்கயே முடிச்சிடலாம். ஸ்கேன்ல கொஞ்சம் மெலிசாத்தான் தெரியுது. சரியில்லன்னா இன்னும் கொஞ்சம் மேல போய்ப் பண்ணுவோம்,” என்று கோடு போட்டுக் காட்டினார். மேலே என்று அவர் காட்டிய கோடு தம்பியின் பெயருக்குக் குறுக்கே போனது.

அம்மா கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அங்க வோணாம்.”

“ஏம்மா?”

“அங்க எம் புள்ள கீறான்.”

டாக்டர் நல்லவர். சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டு வாருங்கள், ஆனால் ரொம்ப நாள் யோசிக்காதீர்கள் என்று அனுப்பிவைத்தார்.

மூன்று வாரம் வீட்டில் சண்டை. நான் கோபக்காரி, அவளிடமிருந்து வந்ததுதான். கெஞ்சினேன், சாப்பிடாமல் இருந்தேன், கத்தினேன். ஒருநாள், “செத்தவன் பேருக்காவ நீயும் சாவப் போறியா? அப்ப நான் யாரு?” என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், மூடி வைத்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள். கழுத்தில் அந்தக் குழாய் பிளாஸ்திரியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அறிவு வந்தது. மணிக்கட்டுக் குழாய் நன்றாக இருக்கிறது என்று காட்டிவிட்டால் போதுமே, பெயர் பக்கம் யாரும் போகமாட்டார்களே. குழாயைப் பார்க்கிற கருவியிலேயே நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறேனே.

ஒரு சனிக்கிழமை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எஸ்டேட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வானகரம் தாண்டுகிறவரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவைப்பட்ட நேரம் அது. யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம், படிவம் நிரப்பினால் போதும். தலைமைப் பேராசிரியர், நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு ஊரில் இல்லை. படிவத்தை நானே நிரப்பினேன். வயது, நோய், தோலில் காயம் உண்டா, டாட்டூ உண்டா. டாட்டூவில் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன்.

நான் பொய் எழுதவில்லை. சத்தியமாகத் தோன்றவே இல்லை. டாட்டூ என்றால் கடையில் போய்ப் பையன்கள் தோளில் போட்டுக்கொள்வது. அம்மா கையிலிருந்தது என் தம்பி. பிறந்ததிலிருந்து பார்த்த கை மாதிரிதான் எனக்கு அது. தோல்மேல் தனியாக ஏறி உட்கார்ந்திருக்கிற மை என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து வந்து அடுக்குமாடியில் இருக்கிற ஒருத்தி அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால், முதல் பார்வையிலேயே ‘உண்டு’ என்று போட்டு அம்மாவை வீட்டுக்கு அனுப்பியிருப்பாள்.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன். “இன்னாடி இது, வெல்டிங் பட்டறையாட்டம் கீது,” என்றாள் அம்மா. கையில் ஜெல் தடவினேன். “சில்லுனு கீது.” கருவியை மணிக்கட்டிலிருந்து மெல்ல மேலே நகர்த்திக்கொண்டு போனேன். “கத்துதா?” என்றாள். “கத்துதும்மா,” என்றேன். “இன்னா சொல்லிகினு கத்துது?” என்றாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம்.

கணக்கை ஓடவிட்டேன். தோல் பயங்கரமாகப் பளபளத்தது. தோல் எப்போதுமே கொஞ்சம் பளபளக்கும். எங்கள் ஊர் நிறத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. அதனால் அந்த அடுக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டுக் கீழே பார்த்தேன். நாலு மில்லிமீட்டர் ஆழத்தில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தொடங்கி, நல்ல தடிப்பாக, நேராக, ஒரு குழாய். ஸ்கேனில் மெலிசு என்றார்களே, இதோ எப்படி இருக்கிறது பார்.

அந்தப் படத்தை வைத்து எந்த நோயாளிக்கும் எதுவும் சொல்லக்கூடாது. அது எங்கள் விதி. படிவத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது.

“ம்மா, கொயா நல்லா கீதும்மா. மணிக்கட்டாண்டயே முடிச்சிடுவாங்க. பேர் பக்கமே வரமாட்டாங்க.”

அம்மா திரையைப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள்.

“சத்தியமா?”

நான் என் வலது கையை அவள் கையில், ஜெல்லோடு ஜெல்லாக, அந்தப் பெயர்மேல் வைத்தேன். “சத்தியமா.”

“செரி. ஆப்ரேசனுக்கு எயுதிக் குடு, ரேகை வெக்கிறேன்.”

டாக்டரிடம் அந்தப் படத்தைப் போனில் காட்டினேன். பார்த்தார். “நல்லா வேலை பண்றீங்க. ஆனா நான் எங்க ஸ்கேனத்தான் நம்பணும். திறந்து பார்த்துட்டுத்தான் எதுவும்,” என்றார். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. எதற்கு வீணாகப் பயமுறுத்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்றைக்கு ஒரு மணி நேரம் என்றார்கள். இரண்டரை ஆனது. டாக்டர் வெளியே வந்து, மணிக்கட்டில் குழாய் நூல் மாதிரி இருந்தது, அங்கே செய்ய முடியவில்லை, தைத்துவிட்டு மேலே போய்ச் செய்திருக்கிறேன், இரத்தம் நன்றாக ஓடுகிறது என்றார். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

கட்டுப் பிரித்த நாளில் நானும் பக்கத்தில் நின்றேன். பெயரின் நடுவில், ஓர் எழுத்தை முழுசாக விழுங்கி, பக்கத்து எழுத்தில் பாதியை இழுத்துக்கொண்டு, கறுப்பு நூல் போட்ட தையல். அம்மா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து அதன்மேல் போட்டுக்கொண்டாள். “போவட்டும் வுடு,” என்றாள். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்தது ஓர் அறை. ஒரு கெட்ட வார்த்தையாவது. அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் அம்பத்தூரில் டயாலிசிஸ். குழாய் புடைத்துக்கொண்டு வர வர, மிச்சமிருந்த எழுத்துகளும் இழுபட்டுக் கோணலாயின. அவற்றின்மேலேயே ஊசி ஏறியது. அம்மா மணிக்கட்டு வரை வரும் ஜாக்கெட்டாகத் தைத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அவள் அதற்குப் பிறகு எதற்கும் சத்தியம் செய்து நான் பார்க்கவில்லை.

ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கு உண்மை தெரிந்தது. கல்லூரி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற அக்கா ஒருவர் தன்னார்வலராக வந்தார். முன்கையில் பெரிதாகத் தேள் பச்சை. இந்த முறை படிவத்தை மேடம் நிரப்பினார். ‘உண்டு’ என்று போட்டுவிட்டு, “பரவாயில்ல, என்ன ஆகுதுன்னு பாப்போம்,” என்றார். கணக்கை ஓடவிட்டேன். நாலு மில்லிமீட்டர் ஆழத்தில் ஓர் இரத்தக்குழாய் தெரிந்தது. அதற்கு வால் இருந்தது. வால் நுனியில் கொடுக்கு இருந்தது.

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அம்மா கையில் பார்த்த குழாய் ஞாபகம் வந்தது. தேள் மாதிரி இரத்தக்குழாய் உலகத்தில் யாருக்கும் இருக்காது.

விஷயம் இதுதான். பச்சை குத்துகிற மை, தோலில் பச்சையாகத் தெரிந்தாலும், கறுப்பு. வெளிச்சத்தை இரத்தத்தைவிட அதிகமாக வாங்கும், அதிகமாகக் கத்தும். அந்தச் சத்தம் மேலே கருவிக்கும் வரும், கீழேயும் போகும். கீழே போனது தசையின் உறையில் பட்டுத் திரும்பி, தாமதமாக மேலே வரும். தாமதமாக வந்தால் ஆழத்திலிருந்து வந்தது என்றுதான் என் கணக்குக்குத் தெரியும். அதனால் தோலில் இருப்பதை ஆழத்தில் இன்னொரு முறை வரைந்துவிடும். அது அங்கங்கே விட்டு விட்டுத்தான் வரும். விட்டு விட்டு வருவதையெல்லாம் சேர்த்து அழகான குழாயாக ஆக்குகிற படி ஒன்று எங்கள் கணக்கில் இருக்கிறது. அதை எழுதியவளும் நான்தான். அதற்காகக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் அம்மாவின் பழைய பதிவைத் திறந்தேன். ஒதுக்கிவைத்த தோல் அடுக்கை இப்போது பார்த்தேன். தம்பியின் பெயர், முழுசாக, வெட்டுப்படாமல். அதற்குக் கீழே அந்தக் குழாய். முதல் எழுத்து தொடங்கிய இடத்தில் குழாய் தொடங்கியது. கடைசி எழுத்து முடிந்த இடத்தில் முடிந்தது. முடிகிற இடத்தில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. மடியில் வைத்து எழுதியதால் ஏறியது.

அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன். யாராவது வந்தால் லேசர் பட்டுக் கண் எரிகிறது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை.

பிறகு வேலை நடந்தது. நடக்கத்தானே வேண்டும். முதலில் தோலில் மை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அந்த மை கீழே போய்த் திரும்பினால் எப்படி வரும் என்று கணக்கிடுவது. அதைப் படத்திலிருந்து கழிப்பது. கழித்தால் தேள் மறைந்து, கேண்டீன் அக்காவின் உண்மையான குழாய்கள் தெரிந்தன. அம்மா கையில் கழித்தேன். நூல் மாதிரி ஒன்று தெரிந்தது. டாக்டர் சொன்ன அதே நூல். பச்சை குத்தியவர்களை இனிமேல் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று மேடத்துக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், சாப்பிட்டு முடித்ததும், லேப்டாப்பை அம்மா முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் கீழே போவது, திரும்புவது, பொய்க் குழாய், நான் வைத்த சத்தியம் எல்லாவற்றையும். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கே எனக்குத் தெரியும்,” என்றாள்.

“இன்னா தெரியும்?”

“கொயா கீதோ இல்லியோ, அது எனக்கு இன்னா தெரியும். நான் எங்க ஒம் பொட்டியப் பாத்தேன்? ஒம் மூஞ்சத்தான் பாத்தேன். மூணு வாரமா அயுது அயுது வீங்கிப் போயி, அன்னிக்கு ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு.” சுண்ணாம்பு விரலை டப்பாவில் துடைத்தாள். “அவன் பேர வெச்சுகினு இன்னா பண்றது, நீ இப்படி கீறப்போ. அவன் போயிட்டான். நீ கீற. அதான் ரேகை வெச்சேன்.”

அவளே லேப்டாப் பக்கம் திரும்பினாள்.

“எங்க, அவன் பேரு தெரிதுன்னியே.”

தோல் அடுக்கைத் திறந்து காட்டினேன். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வடிவம் அவளுக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பார்த்த வடிவம். திரைக்குப் பக்கத்தில் போய், விரலால் தொடாமல், காற்றிலேயே ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனாள். நடு எழுத்தில் நின்றாள்.

“இது இப்ப இல்ல இல்ல,” என்றாள்.

“இல்லம்மா.”

“ஏன் செவப்பா கீது? என்து பச்சை.”

“அது நாங்க போடற கலரும்மா. மாத்திக்கலாம்.”

“அப்ப பச்சையா போட்டு ஒரு காயிதத்துல எட்தாந்து குடு. தலவாணிக்கு அடியில வெச்சிக்கிறேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அத்த கயிச்சாத்தான் நல்லா வரும்னியே. கயிக்காம வுட்டா இன்னா ஆவும்?” என்று கேட்டாள்.

“பொய்க் குழாய் தெரியும்.”

“தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. நீ கயிக்காம எட்தா.”

சரி என்றேன். மறுநாள் கொடுத்திருக்கலாம். எடுத்துப் பார்த்தபோது எழுத்தின் ஓரங்கள் மங்கலாக இருந்தன. கருவி ஒரு பக்கத்திலிருந்து கேட்டதால் வந்த மங்கல். அம்மாவுக்குக் கொடுக்கிற படம் இப்படியா இருப்பது என்று ஓரத்தைக் கூர்மையாக்க உட்கார்ந்தேன். அது சரியானதும் கடைசி எழுத்தின் சுழி உடைந்து தெரிந்தது. அதைச் சரிசெய்தேன். அதற்குள் கட்டுரை வேலை வந்தது, திருத்தம் வந்தது. அம்மா இரண்டு முறை கேட்டாள். “இன்னும் கொஞ்சம் நல்லாப் பண்ணித் தரேம்மா,” என்றேன். “நான் இன்னா ஃபிரேம் போட்டு மாட்டவா போறேன்,” என்றாள். மூன்றாம் முறை கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை டயாலிசிஸுக்குக் கிளம்ப எழுப்பப் போனேன். எழுந்திருக்கவில்லை. கை சில்லென்று இருந்தது. இடது கையைப் பிடித்துப் பார்த்தேன். டயாலிசிஸ் குழாயில் எப்போதும் ஓர் அதிர்வு இருக்கும், விரல் வைத்தால் உர்ரென்று ஓடுவது தெரியும். அது நின்றிருந்தது.

குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் வந்தார்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, தலைப்பக்கம் இருந்தாள். நான் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். மஞ்சள் பூசினோம். புடைப்பும் தழும்பும் ஊசிக் குழிகளுமாக அந்தக் கையில் அவன் பெயரை நானேகூடப் படித்திருக்க முடியாது. பாடை கட்ட ஆரம்பித்தார்கள்.

நான் எழுந்து உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தேன். கூர்மையாக்கினது, சுழி சரிசெய்தது எதையும் எடுக்கவில்லை. முதல் படம், கழிக்காதது. நிறத்தைப் பச்சையாக மாற்றினேன். நிரலில் ஒரே ஒரு வரி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பென் டிரைவோடு வெளியே வந்தபோது சித்தி, “பொணத்த ஊட்ல வெச்சுகினு எங்கடி போற?” என்று கத்தினாள். நான் நிற்கவில்லை. மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடையை அப்போதுதான் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரத் தலையோடு போய் நின்றேன். “கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?” என்றார் கடைக்காரர். “கலர்,” என்றேன். “என்ன மேடம் இது, சாட்டிலைட் படமா?” என்றார். தலையாட்டினேன்.

திரும்பி வந்து, அந்தத் தாளை நாலாக மடித்து, அம்மாவின் இடது உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை, தாள் விரிந்துகொண்டது.

“இன்னாடி அது காயிதம்?” என்றாள் சித்தி.

“தம்பி பேரு சித்தி.”

அவளுக்கும் படிக்கத் தெரியாது. தாளை எடுத்துப் பிரித்து, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்ப மடித்து அம்மாவின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி மூடி, பிரிந்துவிடாமல் இருக்கத் தன் தலையிலிருந்து ஒரு துண்டு பூச்சரத்தை அறுத்து, அதன் நாரால் கட்டிவிட்டாள்.